ஷூட்டிங் முடிஞ்சா படம் முடிஞ்சுதா?

சின்ன படம், சுயாதீனப் படம், இண்டி படம், எப்படி வேணா சொல்லுங்க, அதைப் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லி போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பாதி "எந்த கேமரா வாங்கலாம் சார்". அதுக்கு கீழ ஒரே ஒரு பதில் இருக்கு, அதோட விட்ருங்க. மீதியில நிறைய படம் எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் வர்ற கதைதான், ஏன்னா இப்ப ஆளுங்க மாட்டிக்கிட்டு முழிக்கிற இடம் அதுதான்.

நண்பர்கள் சேந்து 18 லட்சம் போட்டு ஒன்றரை மணி நேரப் படம் எடுத்து முடிச்சிட்டோம். எந்த ஓடிடியும் மெயிலுக்கு பதில் கூட போட மாட்டேங்குது. முன்னாடி சின்ன படத்தை எல்லாம் தேடி வாங்குனாங்களே? – தேனி வாசகர்

வாங்குனாங்க தம்பி, இல்லைன்னு சொல்லல. 2020 மே மாசம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கே வராம நேரா பிரைம்ல வந்துச்சே, அப்ப தியேட்டர் எல்லாம் பூட்டிக் கிடந்துச்சு, ஓடிடிக்காரங்களுக்கு சரக்கு வேணும், ஆளும் சேக்கணும், அதனால சின்னது பெருசுன்னு பாக்காம எடுத்தாங்க. அந்த ரெண்டு வருஷத்தைப் பாத்துட்டு "ஓடிடிக்கு வித்துக்கலாம்"னு கணக்குப் போட்டு படம் ஆரம்பிச்சவங்க நிறைய பேர். அவங்க படம் முடிஞ்சு வர்றதுக்குள்ள கடையே மாறிப்போச்சு. இப்ப முதல் கேள்வியே "தியேட்டர்ல ரிலீஸ் பண்ணீங்களா, எத்தனை நாள் ஓடுச்சு, ஹீரோ யாரு". தியேட்டர்ல ஓடுற படமா இருந்தா நாங்க ஏன்யா உங்ககிட்ட வரப்போறோம்னு தோணும், கேக்க முடியாது.

அப்புறம் ஒரு விஷயம், நேரா மெயில் போட்டா அங்க யாரும் படிக்கிறதில்லை. பெரிய ஓடிடி எல்லாம் பெரும்பாலும் அக்ரிகேட்டர் வழியாத்தான் சின்ன படத்தை எடுக்கும். அக்ரிகேட்டர்னா பல படங்களை மொத்தமா கையில வெச்சுக்கிட்டு தளங்களுக்கு கொடுக்குற ஆளு, நடுவுல அவருக்கு ஒரு சதவீதம். நிறைய ஒப்பந்தத்துல மொத்தமா ஒரு தொகை வராது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் பாத்தாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி சில்லறையா வரும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: உரிமை எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு, பாத்த கணக்கை உங்களுக்கு யார் காட்டுவாங்க. "வாழ்நாள் முழுக்க, உலகம் முழுக்க, எல்லா வடிவத்துலயும்"னு ஒரே வரியில எழுதி நீட்டுனா பேனாவை மூடி பாக்கெட்டுல வெச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்துருங்க.

பரவால்ல, தியேட்டர்லயே ரிலீஸ் பண்ணிடலாம்னு இருக்கோம். நஷ்டம் வந்தா எவ்வளவு வரும்? – ஈரோடு

நல்லவேளை நஷ்டத்தை முதல்ல கேட்டீங்க. ஒரு பேச்சுக்கு, டிக்கெட்ல வரி எல்லாம் போக 100 ரூபா நிக்குதுன்னு வெச்சுக்குவோம். தியேட்டர்காரர் பாதி எடுத்துப்பார். மீதி 50ல விநியோகஸ்தர் கமிஷன் போச்சுன்னா உங்க கைக்கு ஒரு 43 ரூபா வரும். ஒரு ஷோவுக்கு 30 பேர் வந்தா 1,300 ரூபா. போஸ்டர், டிரைலர், சோஷியல் மீடியா, பத்திரிகைக்காரங்க ஷோ எல்லாத்துக்கும் சேத்து 10 லட்சம் செலவு பண்ணிருந்தா அதை மட்டும் எடுக்கவே 23 ஆயிரம் பேர் வந்து உக்காரணும். படம் எடுத்த காசு இந்த கணக்குல இன்னும் வரவே இல்ல, கவனிச்சீங்களா.

இதுக்கு மேல டிஜிட்டல்ல படம் ஓட்டுறதுக்கு ஸ்க்ரீனுக்கு இவ்வளவுன்னு ப்ரொஜெக்ஷன் கட்டணம், விபிஎஃப்னு சொல்லுவாங்க. 2018 மார்ச்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் தமிழ்ப் படம் ஒண்ணு கூட ரிலீஸ் ஆகாம ஸ்ட்ரைக் நடந்துச்சே, அதுக்கு பெரிய காரணம் இந்த கட்டணம்தான். பெரிய படத்துக்கு அது பாக்கெட் மணி, சின்ன படத்துக்கு ஸ்க்ரீனுக்கு ஸ்க்ரீன் கழுத்தைப் பிடிக்கும்.

அதனால நூறு ஸ்க்ரீன்னு ஆசைப்படாதீங்க. நூறு ஸ்க்ரீன்ல காலைக் காட்சி மட்டும் கிடைச்சு வெள்ளிக்கிழமை ஆள் இல்லாம சனிக்கிழமை தூக்கிட்டாங்கன்னா, வாய்வழியா பேச்சு பரவுறதுக்குள்ள படம் ஊர்ல இருக்காது. உங்க கதை நடக்குற மாவட்டம், சென்னை, கோயம்புத்தூர்னு ஒரு பத்து ஸ்க்ரீன், அதுவும் ஈவினிங் ஷோவா கேட்டு வாங்குங்க. ஈவினிங் ஷோ தர மாட்டேன்னு சொல்ற தியேட்டரை விட்டுட்டு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கலாம், தப்பே இல்ல. எதிர்ல என்ன படம் வருதுன்னும் பாருங்க, 2024 ஆகஸ்ட் 23 அன்னைக்கு 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் ஒரே நாள்ல வந்துச்சு. ரெண்டுமே பேசப்பட வேண்டிய படம், ரெண்டையும் ஒரே வாரத்துல ஒரே ஆளு காசு கொடுத்துப் பாக்கணும்னா எப்படி.

எந்த கேமரா வாங்கலாம் சார்? – ஏகப்பட்ட பேர், ஏகப்பட்ட ஊர்

வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க, இல்ல கையில இருக்குற ஃபோன். அமெரிக்க டைரக்டர் ஷான் பேக்கர் 2015ல வந்த ஒரு முழுப் படத்தை ஐஃபோன் 5எஸ்ல எடுத்தார், பத்து வருஷம் கழிச்சு 'அனோரா'வுக்கு ஆஸ்கர் வாங்குனார். கலர் பண்ண டாவின்சி ரிசால்வ் ஓசியிலயே கிடைக்குது, தியேட்டர்ல ஓட்டுற டிசிபி ஃபைல் பண்ணக் கூட ஓசி சாஃப்ட்வேர் இருக்கு. மிச்சப்படுற காசை சவுண்டுக்குப் போடுங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஸ்டைல்னு சொல்லித் தப்பிச்சிக்கலாம், வசனம் கேக்கலைன்னா ஆள் எந்திரிச்சுப் போயிடுவான்.

வெளிநாட்டு விழாவுல விருது வாங்கிட்டா அப்புறம் எல்லாம் ஈஸியாயிடும்தானே? – மதுரை

உங்க ஊர்ப் பக்கத்துலயே பதில் இருக்கு. மேலூர்ப் பக்கம் கொளுத்துற வெயில்ல எடுத்த படம் 'கூழாங்கல்'. அதோட டைரக்டர் வினோத்ராஜ் சென்னையில டிவிடி கடையில வேலை பாத்து, அங்க இருந்த படங்களைப் பாத்துப் பாத்து சினிமா கத்துக்கிட்டவர். படத்தைப் பாத்துட்டு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் ரௌடி பிக்சர்ஸ் மூலமா கை கொடுத்தாங்க. 2021 பிப்ரவரியில நெதர்லாந்துல நடக்குற ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது, அந்த விழாவுலயே பெரிய பரிசு அதுதான். அதே வருஷம் இந்தியா சார்பா ஆஸ்கருக்கும் அதைத்தான் அனுப்புனாங்க. இவ்வளவும் நடந்த படத்தை மேலூர்ல இருக்குறவர் பாக்க முடிஞ்சது எப்ப? 2023 அக்டோபர்ல, சோனி லிவ்ல. நடுவுல ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. செழியனோட 'டுலெட்'டுக்கும் தேசிய விருது 2018ல அறிவிச்சாங்க, படம் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி.

அதுக்காக விழா வேண்டாம்னு சொல்ல வரல. விருது அந்தப் படத்துக்கு பணம் கொண்டு வருமோ வராதோ, அடுத்த படத்துக்கு கதவைத் திறக்கும். வினோத்ராஜோட அடுத்த படம் 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன் தயாரிப்பாளர், சூரி ஹீரோ, பெர்லின் விழாவுல முதல் காட்சி. அந்த வழிதான் அதுல எனக்குப் பெருசாத் தெரியுது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய விழா எல்லாம் "உலகத்துலயே முதல் தடவை எங்ககிட்டதான் காட்டணும்"னு எதிர்பாக்கும். நீங்க அவசரப்பட்டு பேர் தெரியாத ஏதோ ஆன்லைன் விழாவுக்கு அனுப்பி, அவங்களும் "பெஸ்ட் டெப்யூ"ன்னு ஒரு சர்டிபிகேட் ஈமெயில் பண்ணி, நீங்களும் விழாவுக்குப் போன படம்னு காட்டுற அந்த இலை வளைய முத்திரையை போஸ்டர்ல ஒட்டிட்டீங்கன்னா, ராட்டர்டாம் பெர்லின் பக்கம் போற வாய்ப்பை நீங்களே குறைச்சிக்கிட்டீங்க. மாசா மாசம் நூறு பேருக்கு விருது கொடுத்து நுழைவுக் கட்டணத்துலயே பொழைக்கிற விழாக்கள் நிறைய இருக்கு, பாத்து.

ஊர் மக்கள்கிட்ட காசு வசூல் பண்ணி படம் எடுக்கலாமா? – விருத்தாசலம்

தாராளமா, நல்ல பரம்பரை இருக்கு அதுக்கு. 1976ல குஜராத்ல அஞ்சு லட்சம் பால்காரங்க ஆளுக்கு 2 ரூபா போட்டு 'மந்தன்' எடுத்தாங்க, டைரக்டர் ஷியாம் பெனகல். நம்ம 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் கேரளாவுல ஒடெஸா அமைப்பை வெச்சு ஊர் ஊரா போய் ஜனங்ககிட்ட வசூல் பண்ணித்தான் 1986ல 'அம்ம அறியான்' முடிச்சார். 2013ல கன்னடத்துல பவன் குமார் 'லூசியா'வுக்கு இன்டர்நெட்லயே சேத்தார். தமிழ்ல, வயசானவங்களை வீட்டுக்காரங்களே சாகடிக்கிற தலைக்கூத்தல் வழக்கத்தைப் பத்தி பிரியா கிருஷ்ணசுவாமி எடுத்த 'பாரம்' அப்படி வந்ததுதான், தேசிய விருதும் வாங்குச்சு.

ஆனா ஒண்ணு, நன்கொடையா வாங்குறது வேற, "ஒரு லட்சம் போடுங்க ரெண்டு லட்சமா தர்றேன்"னு ஊர்ல வாங்குறது வேற. முறைப்படுத்தாத டெபாசிட்டுக்கு எதிரா 2019ல ஒரு சட்டமே இருக்கு, படம் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் வந்துரும். முதல்ல ஒரு ஆடிட்டரைப் பாருங்க. பணம் போட்டவங்க பேரை டைட்டில்ல போடுங்க, அவங்க குடும்பத்தோட வந்து பாப்பாங்க, முதல் ரெண்டு ஷோ அதுலயே நிறைஞ்சிரும்.

சென்சார்ல என்ன பிரச்சனை வரும்னு முன்னாடியே தெரிஞ்சிக்கணும். கிராமத்துக் கதை, சண்டை கூட கிடையாது. – சிவகங்கை

கிராமத்துக் கதைன்னா ஆடு இருக்கும், கோழி இருக்கும், அங்கதான் சிக்கல். நீங்க நடிக்க வைக்கிற ஆட்டுக்கு விலங்குகள் நல வாரியத்துல ஷூட்டிங்குக்கு முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும். அந்த வாரியம் முன்னாடி நம்ம திருவான்மியூர்ல இருந்துச்சு, 2018ல ஹரியானா பல்லப்கருக்கு போயிருச்சு. படம் முடிச்சிட்டு சென்சாருக்குப் போய் நின்னா "அந்த ஆட்டுக்கு என்.ஓ.சி. எங்க"ன்னு கேப்பாங்க. பெரிய படத்துல மூலையில கிராஃபிக்ஸ்னு எழுத்து போட்டு ஆட்டையே கம்ப்யூட்டர்ல செஞ்சிடுறாங்க, உங்க சின்ன பட்ஜெட்டுக்கு நிஜ ஆடுதான் கட்டும்.

ரெண்டாவது, டீக்கடை சீன். பின்னாடி ரேடியோல பழைய பாட்டு ஒண்ணு ஓடுனா சுகமாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பாட்டுக்கு மெட்டு, வரி, ஒலிப்பதிவுன்னு தனித்தனியா உரிமைக்காரங்க இருப்பாங்க. கேக்காம பழைய பாட்டைப் போட்டவங்களுக்கு நோட்டீஸ் வந்த விஷயமெல்லாம் நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க. ரேடியோல செய்தி ஓட விடுங்க, அதையும் நீங்களே எழுதிப் பேசுங்க.

வெட்டச் சொன்னதுல உடன்பாடு இல்லன்னா, படத்தை மறுபடி பாத்து முடிவு சொல்ற ரிவைசிங் கமிட்டி இருக்கு. அதுக்கு மேல முன்னாடி ஒரு மேல்முறையீட்டு தீர்ப்பாயம் இருந்துச்சு, 2021 ஏப்ரல்ல அதைக் கலைச்சிட்டாங்க. இப்ப நேரா ஹைகோர்ட்தான். வக்கீல் ஃபீஸ் யார் தர்றதுன்னு சின்ன படக்காரர் யோசிச்சு, பேசாம வெட்டிட்டு வந்துடறார். இதை யாரும் கணக்குல எடுக்குறதில்ல.

தயாரிப்பாளர் கிடைக்க எந்தக் கோயிலுக்குப் போகணும்? – சாலிகிராமம் உதவி இயக்குநர்

கோயில் உங்க விருப்பம், நவம்பர்ல கோவாவுக்குப் போங்க. மத்திய அரசோட திரைப்பட வளர்ச்சிக் கழகம் என்.எஃப்.டி.சி. அங்க 2007லருந்து ஃபிலிம் பஜார்னு ஒரு படச் சந்தை நடத்துது, இப்ப வேவ்ஸ் ஃபிலிம் பஜார்னு பேர். ஸ்கிரிப்ட் மட்டும் வெச்சிருக்கவங்களுக்கு கோ-புரொடக்ஷன் மார்க்கெட், ரஃப் கட், அதாவது முழுசா முடியாத எடிட் வெச்சிருக்கவங்களுக்கு வொர்க் இன் ப்ராக்ரஸ், முடிச்சவங்களுக்கு வியூயிங் ரூம். விழாவுக்கு படம் தேர்ந்தெடுக்குறவங்க, வெளிநாட்டு ஏஜென்ட் எல்லாம் அங்க ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்து பாப்பாங்க. ராட்டர்டாமோட ஹூபெர்ட் பால்ஸ் நிதின்னு ஒண்ணு 1988லருந்து இருக்கு, கோயம்புத்தூர்ல எடுத்த அருண் கார்த்திக்கோட 'நசீர்' அந்த நிதியில வந்ததுதான். நல்லா எழுதுன நாலு பக்க இங்கிலீஷ் ப்ரொபோசல், ஒழுங்கான பட்ஜெட் ஷீட், முன்னாடி எடுத்த குறும்படம் லிங்க், இது இருந்தா போட்டியில நிக்கலாம். ஆபீஸ் ஆபீஸா கதை சொல்ற நேரத்துல பாதியை இதுக்கு ஒதுக்குங்க.

பொண்ணுங்களுக்கு தனியா ஏதாவது உதவி இருக்கா அக்கா? – திருநெல்வேலி மாணவி

பக்கத்து வீட்டைப் பாத்து பெருமூச்சு விடணும் செல்லம். கேரளாவுல அரசோட திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கு ஒரு படத்துக்கு ஒன்றரை கோடி வரைக்கும் கொடுக்குது, எஸ்.சி., எஸ்.டி. இயக்குநர்களுக்கும் அதே மாதிரி. 2024 மார்ச்ல 'சி ஸ்பேஸ்'னு அரசே ஓடிடி ஆரம்பிச்சிருச்சு, ஒரு படம் பாக்க 75 ரூபா. இங்க தரமான சின்ன படத்துக்கு மானியம்னு 7 லட்சம் தர்ற திட்டம் உண்டு, ஆனா பல வருஷத்துப் பாக்கியை மொத்தமா சேத்து கொடுக்குறது வழக்கமாயிருச்சு, வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவருக்கு அது வந்து சேரும்போது வட்டியே அதைத் தாண்டியிருக்கும். ஆனா வழியே இல்லைன்னு நினைச்சிடாத, வர்ஷா பரத்தோட 'பேட் கேர்ள்' 2025ல ராட்டர்டாம் போய், ஆசியப் படங்களுக்குக் கொடுக்குற நெட்பேக் விருது வாங்குச்சு, முதல் படம்தான் அவங்களுக்கு.

இலங்கையில இருந்து தமிழ்ல எடுத்தா யார் பாப்பாங்க? – யாழ்ப்பாணம்

விசாகேச சந்திரசேகரம் தமிழ்ல எடுத்த 'மணல்' 2023ல ராட்டர்டாம்ல ஜூரி விருது வாங்குச்சே. உங்க ஊர்லயே 2015லருந்து யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா இருக்கு, முதல்ல அங்க போய் ஆளுங்களைப் பிடிங்க. கோடம்பாக்கம் பேச்சை நகல் எடுக்க வேண்டாம், உங்க பேச்சுலயே எடுங்க, அதைக் கேக்கத்தான் கனடாவுலயும் லண்டன்லயும் காசு கொடுத்து வருவாங்க.

எங்க ஊர் கல்யாண மண்டபத்துல டிக்கெட் போட்டு காட்டலாமா? – கும்பகோணம்

டிக்கெட் போட்டு பொதுவுல காட்டணும்னா சென்சார் சர்டிபிகேட்டும் வேணும், இடத்துக்கு கலெக்டர் ஆபீஸ் அனுமதியும் வேணும், மண்டபத்துக்கு அது லேசுல கிடைக்காது. அதுக்குப் பதிலா ஊர்ல இருக்குற சிங்கிள் ஸ்க்ரீன் தியேட்டர்காரரைப் பாத்து செவ்வாய் இல்ல புதன்ல ஒரு ஷோவை மொத்த வாடகைக்குக் கேளுங்க, அந்த நாள்ல அவருக்கும் ஈ ஓட்டுற பொழப்புதான். காலேஜ் ஆசிரியர்கள், வாசகர் வட்டம், டைலர் சங்கம்னு யார் யாருக்கு அந்தக் கதை சம்பந்தப்படுதோ அவங்ககிட்ட முன்னாடியே டிக்கெட் கொடுத்துடுங்க. ஷோ முடிஞ்சதும் டைரக்டர் அங்கேயே நின்னு பேசணும், அப்பதான் அடுத்த ஊர்க்காரர் யாராவது நம்பர் கேப்பார். சென்சார் சர்டிபிகேட் காப்பியும் தேதியும் அனுப்புங்க, அடுத்த இதழ்ல இந்தப் பக்கத்துலயே போட்டுடறேன்.