கிரீன் சர்டிபிகேட்டா, மேற்குச் சுவரா? காச எதுல போடறது?

கேள்வி: மதுரையில அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடிச்சிட்டு, 3 சென்ட்ல மேற்கு பார்த்த வாசல் வச்சு புது வீடு கட்டப் போறோம். கீழ மட்டும் 1000 சதுர அடி, மாடி பின்னாடி பாத்துக்கலாம்னு இருக்கோம். இன்ஜினியர் "கிரீன் பில்டிங்கா பண்ணித் தரேன், சோலார், ஏஏசி பிளாக் (உள்ள காத்துக் குமிழி இருக்கிற லேசான சிமெண்ட் கல்லு), முன்பக்கம் கிளாஸ், சர்டிபிகேட் எல்லாம் சேத்து 4 லட்சம் கூட வரும்"னு சொல்றாரு. இதுல எது தேவை, எது வெட்டிச் செலவு? பழைய வீட்டுச் செங்கல், ஓடு, தேக்கு நிலையெல்லாம் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: சர்டிபிகேட்ட மொதல்ல முடிச்சிடுவோம், அதுதான் சீக்கிரம் முடியிற விஷயம். நம்ம நாட்டுல கிரீன் சர்டிபிகேட் குடுக்கிறதுல ரெண்டு முக்கியம். ஒண்ணு ஐஜிபிசி (இந்தியன் கிரீன் பில்டிங் கவுன்சில்), 2001ல சிஐஐங்கிற தொழில் கூட்டமைப்பு ஆரம்பிச்சது, ஹைதராபாத்ல இருக்கு. இன்னொண்ணு கிரிஹா, டெரி நிறுவனமும் மத்திய அரசோட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேந்து கொண்டு வந்தது, அதுலயே 2500 சதுர மீட்டருக்குக் கீழ உள்ள சின்னக் கட்டடங்களுக்கு ஸ்வாகிரிஹான்னு தனியா ஒண்ணு இருக்கு. ரெண்டுமே நல்ல ரேட்டிங்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அபார்ட்மென்ட் கட்டி விக்கிறவருக்கு அந்த போர்டு வியாபாரத்துக்கு உதவும், நீங்க குடியிருக்கப் போற வீட்டுக்கு ஃபீஸ் கட்டி, கன்சல்டன்ட் வச்சு, பேப்பர் சேத்து வாங்குறதால உள்ள ஒரு டிகிரி கூட குறையாது. அவங்க என்னென்ன பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுல நமக்கு ஆகுறத எடுத்துக்கலாம், சர்டிபிகேட்ட விட்டுடுங்க.

சட்டப்படியும் கட்டாயம் இல்ல. 2018ல மத்திய அரசு வீடுகளுக்குன்னு ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித் தொகுப்பு போட்டுச்சு, அது 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனைக்கு எழுதினது, அதாவது 12 சென்ட்டுக்கு மேல. உங்க 3 சென்ட் அதுல வராது. ஆனா அதுல இருந்து ரெண்டே ரெண்டு நம்பர மட்டும் எடுத்து வச்சுக்கோங்க, கீழ சொல்றேன், அந்த ரெண்டும் உங்க இன்ஜினியர் சொல்ற பேக்கேஜ் மொத்தத்தையும் விட உபயோகம்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள சூடு வர்ற பெரிய வழி மொட்டை மாடி, அடுத்து மேற்குச் சுவர், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். மதுரைக்கு சூரியன் நேர் உச்சிக்கு வர்றது வருஷத்துல ரெண்டு தடவை, சித்திரை பொறக்குற சமயத்துலயும் ஆகஸ்ட் கடைசியிலயும். அந்த மாசங்கள்ல மதியம் சுவர் மேல வெயில் சரியா விழாது, எல்லாம் தளத்து மேலதான் கொட்டும். 5 இஞ்ச் கான்கிரீட் தளம் அத குடிச்சு வச்சுக்கிட்டு, அடுப்ப அணைச்ச அப்புறமும் தோசைக்கல்லு சுடுற மாதிரி ராத்திரி பூரா கீழ விட்டுக்கிட்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்து அடிக்குதே, அது வெளியில இருந்து வர்ற காத்து இல்லங்க, உங்க தலைக்கு மேல இருக்கிற தளத்தோட சூடு.

முதல் நம்பர் இதுக்குத்தான். சூடு எவ்வளவு சுலபமா ஊடுருவுதுன்னு சொல்ல யு வேல்யூன்னு ஒரு கணக்கு இருக்கு, குறையக் குறைய நல்லது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3க்கு மேல போகும், அந்த விதித் தொகுப்பு கேக்குறது 1.2க்குள்ள. செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதிக்கிறது நம்ம பழைய முறை, தண்ணி இறங்காம இருக்க அருமையான வேலை, ஆனா அது மட்டும் போட்டா 2க்குக் கீழ இறங்குறது கஷ்டம். தளத்து மேல வாட்டர் ப்ரூஃப் பண்ணிட்டு, ஒரு இஞ்ச் எக்ஸ்பிஎஸ் போர்டு (சூட்டத் தடுக்கிற கெட்டியான நுரைப் பலகை) விரிச்சு, அது மேல மெல்லிசா கான்கிரீட் ஸ்கிரீட் போட்டு, வெள்ளை டைல்ஸ் ஒட்டிட்டா 1க்குக் கீழயே வந்துடும், ரெண்டு இஞ்ச்னா இன்னும் நல்லது. கடைக்காரர் தெர்மகோல் ஷீட்ட காட்டி எல்லாம் ஒண்ணுதான்னு சொல்வாரு, ஒண்ணு இல்ல. மேல ஆளு நடக்கணும், ஸ்கிரீட் வெயிட்ட தாங்கணும், அதுக்கு அழுத்தம் தாங்குற போர்டுதான் வேணும்.

ஆனா ஒரு விஷயம், மாடி பின்னாடி பாக்கலாம்னு சொல்றீங்கள்ல, அந்தப் பின்னாடி எப்பன்னு வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. ரெண்டு மூணு வருஷத்துல மாடி எடுக்குறதா இருந்தா இந்த போர்டு, டைல்ஸ் எல்லாத்தையும் ஒடச்சுத்தான் எடுக்கணும், பாதி காசு வீண். அப்படின்னா இப்போதைக்கு தளத்த நல்லா பூசி கூல் ரூஃப் பெயிண்ட் மட்டும் அடிங்க, வெயில எவ்வளவு திருப்பி அனுப்பி சூடாகாம இருக்கும்னு சொல்ல டின்ல எஸ்ஆர்ஐன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், அது 100ஐ ஒட்டியோ அதுக்கு மேலயோ இருக்கிறதா பாத்து வாங்குங்க. அதுக்கும் கையில காசு இல்லையா, சுண்ணாம்பு அடிங்க, வருஷா வருஷம் மழை கரைச்சிடும், பங்குனியில திரும்ப அடிக்கணும், அவ்வளவுதான். வெள்ளைத் தளத்துல அழுக்கு படிஞ்சா பலன் குறையும், அப்பப்ப கூட்டிக் கழுவி விடணும், இத யாரும் சொல்றதில்ல.

அடுத்து மேற்கு. இங்கதான் எனக்கு உங்க இன்ஜினியர் மேல கொஞ்சம் வருத்தம். மேற்கு பார்த்த வீட்டுக்கு முன்பக்கம் கிளாஸ் வச்சுட்டு அத கிரீன்னு சொல்றது எந்த ஊரு நியாயம்? சாயங்கால வெயில் தாழ்வா நேரா வரும், ரெண்டடி சன்ஷேட் எல்லாம் அத தடுக்காது. டபுள் கிளாஸ் போட்டாலும் வெயில் உள்ள வந்துட்டா வந்ததுதான், அப்புறம் ஏசி போட்டுத்தான் வெளிய தள்ளணும். இப்ப ஃபேஷனா ஒட்டுறாங்களே கரும் சாம்பல் கலர் எலிவேஷன் டைல்ஸ், அதையும் மேற்குப் பக்கம் வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தப் பக்கம் சிட் அவுட், படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் இதெல்லாம் வர்ற மாதிரி பிளான மாத்தச் சொல்லுங்க, பெட்ரூம் கிழக்கால போகட்டும். பிளான்ல கோடு மாத்த காசே ஆகாது. வாசலுக்கு முன்னாடி நாலடி இடம் இருந்தா ஒரு மரம், இல்லன்னா ஜாலி சுவர் (ஓட்டை ஓட்டையா விட்டுக் கட்டுறது), அதுல கொடி ஏத்தி விடுங்க.

வடக்குப் பக்கம் வெயிலே வராதுன்னு சொல்வாங்க, அதையும் நம்பிடாதீங்க. ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மதுரையில மதியச் சூரியன் நமக்கு வடக்கால நிக்கும், அதனால வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேணும்.

ஏஏசி பிளாக் வேணுமான்னா, மேற்குச் சுவருக்கு வேணும், மத்ததுக்கு அவசியம் இல்ல. 9 இஞ்ச் செங்கல் சுவருக்கு யு வேல்யூ 2 கிட்ட வரும், 8 இஞ்ச் ஏஏசிக்கு 0.8 கிட்ட, அவ்வளவு வித்தியாசம். ஆனா அது தண்ணிய உறிஞ்சும், பூச்சு வெடிக்கும், சாதா சிமெண்ட் கலவையில தடிமனா கட்டுனா பலன் குறையும், அதுக்குன்னு இருக்கிற ஒட்டுப் பசையில மெல்லிசா கட்டணும். அந்த வேலை பழகின கொத்தனார் இருக்காரான்னு கேட்டுட்டு இறங்குங்க. செங்கலும் ஏஏசியும் சேர்ற இடம் கான்கிரீட் தூண் பக்கத்துல வரணும், சந்திப்புல கம்பி வலை வச்சுப் பூசணும், இல்லன்னா அந்த நேர்கோட்டுல விரிசல் கண்டிப்பா வரும்.

ரெண்டாவது நம்பர் ஜன்னலுக்கு. நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்கு, திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்காவது இருக்கணும்னு அந்த விதி சொல்லுது. வீட்டு மொத்தத்துக்குன்னு போட்ட கணக்கு அது, நீங்க ரூம் ரூமாவே பாத்துக்கோங்க, 120 சதுர அடி ரூம்னா 20 சதுர அடி. திறக்கக்கூடியன்னு சொன்னத கவனிங்க, நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் 16 சதுர அடி மாதிரி தெரியும், ஆனா ஒரு கதவு இன்னொண்ணு மேலதான ஏறி நிக்குது, திறக்குறது 8தான். பழைய மாதிரி ரெண்டு பக்கமும் விரியுற கதவு போட்டா கிட்டத்தட்ட முழுசும் திறக்கும். எதிரெதிர் சுவர்ல ஜன்னல் வந்தா இன்னும் நல்லது, 3 சென்ட்ல எல்லா ரூமுக்கும் அது அமையாது, அமையுற ரூமுக்கு விட்டுடாதீங்க.

சோலார் கடைசியில. பிஎம் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் போட்டா 78,000 ரூபா மானியம், நல்ல திட்டம். ஆனா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் நமக்கு இலவசமாவே வருது, ஏசி இல்லாம கம்மியா எரிக்கிற வீடுன்னா போட்ட காசு திரும்ப ரொம்ப நாள் ஆகும். தளத்துல இருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் பின்னாடி வயர் இழுக்க காலி பைப் மட்டும் இப்பவே பொதைச்சு விட்டுடுங்க, ஒரு வருஷம் குடியிருந்து பில்ல பாத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம். ஃபேன் மட்டும் மொதல்லயே பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) வாங்கிடுங்க, சாதா ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்துல அது 30 வாட்ல ஓடும்.

மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்தே தமிழ்நாட்டுல கட்டாயம், பேருக்கு ஒரு பைப்ப தரையில இறக்கி விட்டுட்டு பிளான் அப்ரூவல் வாங்குறவங்கதான் நிறைய. உங்க 1000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா கிட்டத்தட்ட 930 லிட்டர், மதுரையில வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் வாக்குல பெய்யுது, கணக்கு போட்டுப் பாருங்க. முதல் மழைத் தண்ணிய வெளிய விட ஒரு வால்வு, ஒரு மணல் ஜல்லி ஃபில்டர், அங்கிருந்து சம்ப், சம்ப் நிறைஞ்சா மிச்சம் போர் பக்கத்துல உறிஞ்சு குழி.

இப்ப பழைய வீட்டுப் பொருள். இந்தக் கேள்வி கேட்டதுக்கே உங்கள பாராட்டணும், ஏன்னா புதுசா ஒரு செங்கல் கூட சுடாம கட்டுறத விட கிரீன் வேற என்ன இருக்கு, உங்க பேக்கேஜ்ல அது இல்லவே இல்ல பாருங்க. ஆனா ஜேசிபி விட்டு இடிச்சா ஒண்ணும் தேறாது, ஆள் வச்சுப் பிரிக்கணும். சுண்ணாம்புல கட்டுன சுவர்னா செங்கல் சுத்தமா கழண்டு வரும், சிமெண்ட்ல கட்டினது ஒடஞ்சுதான் வரும். ரெண்டு கல்ல தட்டுனா கணீர்னு கேக்கணும், உப்பு பூத்தது, முனை உதிர்றது எல்லாம் ஒதுக்கிடுங்க. பழைய கல்லு சைஸ் வேறயா இருக்கும், புதுசோட கலக்காம சுவர் சுவரா பிரிச்சுக் கட்டுங்க, பாத்ரூமுக்கு வேண்டாம். ஓடு மங்களூர் ஓடா இருந்தா ஃபில்லர் ஸ்லாப் போடலாம், லாரி பேக்கர்ங்கிற கட்டடக் கலைஞர் கேரளாவுல பரவலாக்கின முறை, தளத்தோட கீழ்ப்பாதியில கம்பிதான் வேலை செய்யும், அங்க கம்பிக்கு நடுவுல ஓட்ட ஜோடி ஜோடியா வச்சா கான்கிரீட்டும் மிச்சம், உள்ள காத்து நிக்கிறதால சூடும் கொஞ்சம் குறையும். ஓட்ட நல்லா ஊற வச்சுத்தான் வைக்கணும், இல்லன்னா கான்கிரீட்ல இருக்கிற தண்ணிய அது குடிச்சிடும், கம்பி டிசைன இன்ஜினியர்தான் போடணும், மேஸ்திரி கண்ணளவுல போடக்கூடாது, மாடி வரப்போறதயும் சொல்லிடுங்க.

தேக்கு நிலைய கரையான் பாத்துட்டு அடிப்பக்கம் உளுத்திருந்தா அரை அடி அறுத்துட்டு ஒட்டுப் போடலாம். ஆனா பழைய நிலையோட அளவு இப்ப பிளான்ல போடுற ஏழடி கதவுக்கு ஒத்து வராது, அதனால ஆசாரிய கூட்டிட்டு வந்து எல்லா நிலையையும் ஜன்னலையும் அளந்து இன்ஜினியர் கையில குடுத்துட்டு, அதுக்குத் தகுந்தாப்புல வரைபடத்த முடிச்சு, அப்புறம் அப்ரூவலுக்குப் போங்க.