ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து, இரண்டு மூன்று படங்களோடு காணாமல் போன குழந்தை நட்சத்திரம் யாராவது உண்டா?

உங்கள் வீட்டில் 1937-க்கும் 1942-க்கும் இடையில் பிறந்த சரோஜா என்று ஒரு பாட்டி இருந்தால், இந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி மூன்று பேர். பம்பாய் சரோஜா, கண்ணாடி சரோஜா, அப்புறம் வெறும் சரோஜா. இந்த வெறும் சரோஜா என் பாட்டியின் தங்கை, 1938-ல் பிறந்தவர். சின்ன வயதில் ஒருமுறை அவரிடம், "உனக்குச் சரோஜாதேவி பேரா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். கோபம் வந்துவிட்டது. "அவ 'நாடோடி மன்னன்'ல வந்தப்போ எனக்கு இருபது வயசுடா. எனக்கு வெச்சது பேபி சரோஜா பேரு" என்றார். நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்.

பேபி சரோஜா 1931-ல் பிறந்தவர். இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் சகோதரர் மகள். பெரியப்பா சித்தப்பா யாராவது சினிமாவில் இருந்தால்தான் அந்தக் காலத்தில் ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண்குழந்தை கேமரா முன் நிற்க முடியும், இவருக்கு அது வாய்த்தது. முதல் படம் 1937-ல் வந்த 'பாலயோகினி'. ஆறு வயதுகூட நிரம்பாத குழந்தைதான் தலைப்பில் இருக்கும் பாலயோகினி. ஆதரவற்ற ஒரு பிராமண விதவை, தன் சாதியார் விரட்டியபின் தாழ்த்தப்பட்ட வேலைக்காரர் வீட்டில் அடைக்கலமாகிறாள். ஊர் கொதிக்கிறது. பெரியவர்களை எதிர்த்து நியாயம் பேசுவது அந்தச் சின்னப் பெண். இப்போது பார்த்தால் குழந்தைக்குப் பெரியவர் வசனத்தைக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றலாம். ஆனால் அதே வசனத்தை ஒரு கதாநாயகன் பேசியிருந்தால் அன்றைக்கு யார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்? குழந்தை என்பதால்தான் சொல்ல முடிந்தது. போதாததற்கு விதவை வேடத்தில் நிஜமாகவே ஒரு விதவையை நடிக்கவைத்தார் சுப்ரமணியம். வைதிகர்கள் அவரைச் சாதியை விட்டே தள்ளிவைத்தார்கள்.

எங்கள் எள்ளுத்தாத்தாவும் அந்தக் கோபக்காரர்களில் ஒருவர். வீட்டில் யாரும் அந்தப் படத்தின் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. அவருடைய பிள்ளை கும்பகோணத்துக்கு நெல் விலை விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வருஷம் பெண் பிறந்தது. "சரோஜான்னு வைக்கலாம்ப்பா, தாமரையில் இருக்கிற மகாலட்சுமி" என்றாராம். கிழவர் மனம் குளிர்ந்து, தானே குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொன்னார். சாகும்வரை அவருக்கு விஷயம் தெரியாது.

இப்படித் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்; பேபி சரோஜாவை 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்றுகூட எழுதினார்கள். ஆனால் அது ஏதோ நகல் மாதிரி இருப்பதால் எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது.

இரண்டாவது படம் 1939 மே மாதம் சென்னை கெயிட்டி தியேட்டரில் வெளியான 'தியாக பூமி'. கல்கி எழுத எழுத ஆனந்த விகடனில் தொடராக வந்தது, ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களோடு. சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன், அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பெற்ற குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு பம்பாயிலிருந்து உமாராணி என்ற பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். தாத்தாவிடம் வளர்ந்த அந்தக் குழந்தை சாருதான் பேபி சரோஜா. தாய்க்கும் தாத்தாவுக்கும் நடுவில் நின்று கதையை நகர்த்துவது சாருவே. அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கோர்ட் கேஸும் கொஞ்சம் தேசபக்தியும்தான். இதற்கும் சிக்கல் வந்தது, இந்தத் தடவை அரசாங்கத்திடமிருந்து. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியபின் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. உத்தரவு வருவதற்குள் எத்தனை பேர் பார்க்கிறார்களோ பார்க்கட்டும் என்று கெயிட்டியில் இலவசமாக ஓட்டினார்கள். கடைசியில் போலீஸ் தியேட்டருக்குள்ளேயே தடியடி நடத்தியது. பத்து வயது ஆகும் முன்பே, நடித்த ஒரு படத்துக்குச் சாதிவிலக்கு, இன்னொன்றுக்கு அரசுத் தடை. நம் ஊரில் வேறு எந்தக் குழந்தை நட்சத்திரத்துக்கு இந்தப் பெருமை?

மூன்றாவது, 1941-ல் 'காமதேனு'. அதோடு சரி.

அப்புறம் அவர் நடிக்கவில்லை. குழந்தை வேடத்தைத் தாண்டி வளர்ந்தார். கல்யாணம், குடும்பம் என்று வாழ்க்கை போயிற்று. கேள்வியில் இருக்கும் 'காணாமல் போன' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. சினிமாவில் இல்லாதவர்கள் எல்லாம் காணாமல் போனவர்களா என்ன? அசல் ஷெர்லி டெம்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு, பெரியவளானபின் கணக்குப் பார்த்தபோது மிஞ்சியிருந்தது 44,000 டாலர் சொச்சம். இருபத்திரண்டு வயதில் சினிமாவை விட்டார், பின்னாளில் கானாவுக்கு அமெரிக்கத் தூதராகவே போனார். அவரைக் காணாமல் போனவர் என்று யாரும் சொல்வதில்லை. நம் சரோஜா தூதராகவில்லை, சென்னையில் பாட்டியானார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2019 அக்டோபரில் அவர் சென்னையில் காலமானார். செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, சின்னப் பாட்டிக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"என்ன வயசாம்?"

"எண்பத்தேழு. உன்னைவிட ஏழு வயசுதான் பெரியவங்க பாட்டி."

மறுபடி மௌனம். அப்புறம் கேட்டார்: "அப்போ அவளுக்கு யாரைப் பார்த்துடா சரோஜான்னு வெச்சா?"