லப்டொப் சார்ஜர் போட்டதும் இரைச்சல், குரலும் பிந்திக் கேட்கிறது: புது மைக் வாங்க வேண்டுமா?

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டு அறையில் பாட்டுப் பதிகிறீர்கள். கொண்டென்சர் மைக், யூஎஸ்பி இன்டர்பேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), லப்டொப், பவர் ஸ்பீக்கர் ஒரு சோடி. சார்ஜர் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைகிறது, பாடும்போது ஹெட்போனில் குரல் பிந்துகிறது, மழை நாளில் மைக் பொரிகிறது. இதுதானே கேள்வி? காசைச் செலவழிக்காதீர்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட மைக்கின் தரத்தால் வருவதல்ல.

இரைச்சல் பதிவுக்குள் இருக்கிறதா, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். சார்ஜர் போட்டபடியே பத்து விநாடி பாடாமல் பதியுங்கள். பிறகு சார்ஜரையும் ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். பதிவு சுத்தமாக இருந்தால் மைக்கையும் அதன் வயரையும் மறந்துவிடலாம். பிழை இன்டர்பேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில்.

அங்கே பெரும்பாலும் நடப்பது இது: லப்டொப் ஒரு சுவர் பிளக்கில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவர் பிளக்கில். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒரு வழியாகவும், ஓடியோ வயரின் ஷீல்ட் (வெளிப்பின்னல்) வழியாக இன்னொரு வழியாகவும் இணைந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் சிறிய மின்னோட்டம்தான் உங்களுக்குக் கேட்பது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் இரைச்சல் 50, 100 ஹேர்ட்ஸில் ஆழமாக விழும். எல்லாவற்றையும் மூன்று பின் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். இன்டர்பேஸ், ஸ்பீக்கர் இரண்டிலும் பாலன்ஸ்ட் துளை (வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் இணைப்பு) இருந்தால், ஜெக்கில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் வயரைப் பாவியுங்கள். ஒரு வளையம் மட்டும் உள்ள கிட்டார் வயர் இந்த இரைச்சலை அப்படியே உள்ளே விடும். கடைக்காரர் வளையத்தை அறுக்க மலிவான யூஎஸ்பி ஐசொலேட்டரைக் காட்டுவார். அவற்றில் பல 12 மெகாபிட் வேகத்துக்குமேல் போகாது, இன்றைய இன்டர்பேஸ் பெரும்பாலும் அதில் வேலை செய்யாது.

சார்ஜர் இரண்டு பின் என்றால் கதை வேறு. அதற்குள் இருக்கும் கபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் லப்டொப்பின் உடலுக்குக் கசியும். உலோகப் பகுதியில் கையை மெல்ல உரசினால் கிறுகிறு என்று இருக்கும். இன்டர்பேஸின் உலோகத்தைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், எர்த் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதுண்டு. வயர் இருந்தாலும், கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரையோர மணல் வெயில் மாதங்களில் காய்ந்ததும் எர்த் கம்பியின் தடை ஏறிவிடும். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவது. இரைச்சல் நிற்கும்தான். ஆனால் ஸ்பீக்கருக்குள் ஒரு வயர் கழன்று உலோகத்தில் பட்டால், உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கில் 230 வோல்ட் நிற்கும்.

பதிவுக்குள்ளேயே இரைச்சல் இருந்தால் மைக் வயரை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் பிளக்கில் 1ஆம் பின் ஷீல்ட், 2உம் 3உம் சிக்னல். 1 விட்டுப்போனால் இரைச்சல் வரும், கொண்டென்சர் மைக் உயிரே இல்லாமலும் போகலாம், ஏனென்றால் இன்டர்பேஸ் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் திரும்பும் வழி அதுதான். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். வயரை வளைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், பிளக்கின் கழுத்தில்தான் முதலில் அறும். வயர் சரி என்றால் ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்திலும் ஓஃபிலும் வைத்துப் பாருங்கள். நடு வேகத்தில் மட்டும் 'ஸ்ஸ்ர்' என்று இரைந்தால் குற்றவாளி அதுதான். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

குரல் பிந்துவதற்குக் காரணம் பஃபர், அதாவது லப்டொப் ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் சம்பிள்களின் எண்ணிக்கை. விநாடிக்கு 48000 சம்பிளில் 1024 பஃபர் என்றால் உள்ளே 21 மில்லிசெகண்ட், வெளியே இன்னொரு 21. அதோடு பாட முடியாது. இன்டர்பேஸ் கம்பனியின் சொந்த ஆசியோ (ASIO) டிரைவரை லப்டொப்பில் ஏற்றி, பதியும்போது 128இல் வையுங்கள். ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். டிக் டிக் என்று வெட்டினால் 256. மிக்ஸ் பண்ணும்போது திரும்ப 1024. இன்டர்பேஸில் குரலை லப்டொப் வழியாக அல்லாமல் நேரே ஹெட்போனுக்குத் தரும் டிரெக்ட் மொனிட்டர் பட்டன் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, ஆனால் சொஃப்ட்வெயரில் மொனிட்டரை ஓஃப் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். இடையில் ஒன்று: பதிந்த பாட்டு மெதுவாகவும் சுருதி முக்கால் கட்டையளவு இறங்கியும் கேட்டால், 48000இல் பதிந்ததை 44100இல் ஓடவிட்டிருக்கிறீர்கள்.

பொரிவதற்கு வருவோம். வயரை அசைத்தால் பொரிகிறதா, சும்மா இருக்கும்போதும் பொரிகிறதா? அசைத்தால் என்றால் பின்னில் உப்புக் காற்றின் களிம்பு. கொன்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து தரம் செருகிக் கழற்றுங்கள். சும்மாவே பொரிந்தால், ஒலியைப் பிடிக்கும் மைக்கின் தலைப்பகுதியான கெப்சூலுக்குள் ஈரம். மார்கழி மழைக்காலத்தில் கொண்டென்சர் மைக்கை ஸ்டாண்டில் விட்டுவைக்கக் கூடாது. காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வையுங்கள், பெரும்பாலும் சரியாகும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணிநேரம் வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கெப்சூலை வெயிலிலோ ஹெயார் டிரையரிலோ காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய படலம் கெட்டுவிடும். பாடும்போது மைக்குக்கு முன்னால் பொப் ஃபில்டர் (மூச்சைத் தடுக்கும் வலை) வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால் மூச்சின் ஈரமும் குறையும்.

சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை என்றால் எதிரொலியும் இருக்கும். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, பன்பாயும் மெல்லியது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி, இரு பக்கமும் மருதமுனைத் தறியில் நெய்த தடித்த விரிப்பை மடித்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். இன்டர்பேஸில் கெய்னை (பதியும் அளவைக் கூட்டும் திருகை) உரத்த இடத்திலும் மைனஸ் 10 டிபியைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அதற்குமேல் தள்ளத் தேவையில்லை, அறைச் சத்தத்தைத்தான் கூட்டுவீர்கள்.