அமெரிக்கக் கோர்ட்டில் என்னதான் நடக்கிறது? ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டவை

முதலில் என்னைப் பற்றி. பதினோரு வருடமாக அமெரிக்க நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத ஒருவர் நீதிபதி முன் நிறுத்தப்பட்டால், அவர் காதருகே நின்று அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் மெல்லிய குரலில் தமிழில் சொல்வேன். அவர் சொல்வதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வேன். நான் வக்கீல் இல்லை. சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, வழக்குக் கதையை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அதனால் அமைப்பு எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சொந்த வழக்கு இருப்பவர்கள் நல்ல வக்கீலைப் பாருங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: ஒரே குற்றத்துக்கு மாநில அரசும் மத்திய அரசும் தனித்தனியாக வழக்குப் போடுமாமே, உண்மையா?

உண்மைதான். நம் ஊரில் நாடு முழுவதற்கும் ஒரே தண்டனைச் சட்டம் இருந்து பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது தண்டனைச் சட்டங்கள். அதற்கு மேல் மத்திய அரசின் சட்டம் ஒன்று. கொலை, திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது என்று அன்றாடம் நடக்கும் குற்றங்கள் மாநிலக் கோர்ட்டில்தான் வரும். வருமான வரி மோசடி, வங்கிக் கொள்ளை, எல்லை தாண்டிய கடத்தல் போன்றவை மத்திய அரசின் பக்கம்.

சில செயல்கள் இரண்டு சட்டத்திலும் மாட்டும். அலபாமாவில் டெரன்ஸ் கேம்பிள் என்பவரை 2015-ல் காரின் ஹெட்லைட் பழுது என்று போலீஸ் நிறுத்தியது. காருக்குள் துப்பாக்கி இருந்தது. பழைய தண்டனை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மாநிலம் ஒரு வருடம் கொடுத்தது, அதே துப்பாக்கிக்காக மத்திய அரசும் தனியாக வழக்குப் போட்டது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனையா என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இரண்டும் வேறு வேறு அரசுகள், அதனால் வேறு வேறு குற்றங்கள் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் சட்டம் அதுதான்.

அதனால் "அமெரிக்காவில் இதற்கு என்ன தண்டனை?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த மாநிலம் என்று கேட்க வேண்டும். மிச்சிகன் கொலைக்கு மரண தண்டனையை 1846-லேயே கைவிட முடிவெடுத்தது. வர்ஜீனியா 2021-ல்தான் ஒழித்தது. டெக்சாஸ் இன்னமும் நிறைவேற்றுகிறது.

திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: மகன் அங்கே வேலை பார்க்கிறான். போலீஸ் பிடித்தால் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்கிறார்கள். சரிதானா அம்மா?

பாதி சரி ஐயா. பேசாமலிருக்கும் உரிமை நிஜம். ஆனால் அந்த உரிமையைக் கேட்பதற்கே வாயைத் திறந்தாக வேண்டும்.

மிச்சிகனில் 2000-ல் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் தாம்ப்கின்ஸ் என்பவர் போலீஸ் அறையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் போலீஸ்காரர், "கடவுளை நம்புகிறாயா? அந்தப் பையனைச் சுட்டதற்கு மன்னிக்கும்படி அவரிடம் வேண்டுகிறாயா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமானது. "நான் பேச விரும்பவில்லை" என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவே இல்லையே என்றது 2010-ல் உச்ச நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் இதை எதிர்த்தார்கள்.

ஆகவே உங்கள் மகன் இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்தால் போதும். "நான் பேச விரும்பவில்லை. எனக்கு வக்கீல் வேண்டும்." பெயர், அடையாள அட்டை கேட்டால் கொடுத்துவிடலாம், முரண்டு பிடிக்க வேண்டாம். "உன் நண்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்" என்று போலீஸ் பொய் சொல்லவும் கூடும். விசாரணையில் அப்படிப் பொய் சொன்னாலும் வாக்குமூலம் செல்லும் என்று 1969-லேயே தீர்ப்பு இருக்கிறது.

நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயம். யாராவது பேசும்போது நாம் "ம்... ம்... சரி சரி" என்று கொட்டிக்கொண்டு தலையை ஆட்டுவோம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் நம் அர்த்தம். அங்கே அதை ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்வார்கள். "நீதானே செய்தாய்?" என்ற கேள்விக்குப் பழக்கதோஷத்தில் ஒரு "ம்" விழுந்தால் அதைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், மகன் இந்தியக் குடிமகன் என்றால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமையும் உண்டு. வியன்னா ஒப்பந்தத்தில் இருப்பது அது.

அவரே மீண்டும்: பேசாமலிருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்ற உரிமைகளைப் போலீஸ் படித்துக் காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடுமா?

ஆகாது. காவலில் வைத்து விசாரித்தால்தான் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைக் கோர்ட் விசாரணையில் குற்றத்தை நிரூபிக்கக் காட்ட முடியாது, அவ்வளவுதான். மற்ற சாட்சியம் நிற்கும். அந்த உரிமைக்குப் பெயர் கொடுத்த எர்னஸ்டோ மிராண்டா 1966-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அடுத்த வருடமே, வாக்குமூலம் இல்லாமல் மறுபடி விசாரித்து, மறுபடி தண்டித்தார்கள்.

மதுரைச் சட்டக்கல்லூரி மாணவி: இலவச வக்கீல் என்பது நிஜமாகவே எல்லோருக்கும் கிடைக்கிறதா அக்கா?

பணமில்லாதவருக்கு, சிறைத் தண்டனை விழக்கூடிய வழக்கில், கிடைக்கிறது. வெறும் அபராத வழக்குக்குக் கிடைக்காது. இந்த உரிமை வந்த கதையைக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை. ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் 1961-ல் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை யாரோ உடைத்து, தானியங்கிப் பெட்டிகளிலிருந்த சில்லறையை எடுத்துவிட்டார்கள். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் மாட்டினார். எனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் இந்த மாநிலத்தில் தர முடியும் என்றார் நீதிபதி. தானே வாதாடித் தோற்றார், ஐந்து வருடம் கிடைத்தது. சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம். மறுவிசாரணையில் வக்கீல் வந்தார், சாட்சியைக் குடைந்தார், கிடியன் விடுதலை.

இப்போது அந்த உரிமை நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், காலை ஒன்பது மணிக்கு ஒரு கவுண்டி கோர்ட்டுக்கு வா. கவுண்டி என்பது நம் மாவட்டம் போல. அரசு தரும் வக்கீல், கக்கத்தில் ஒரு கட்டுக் கோப்புடன் ஓடி வருவார். மேல் கோப்பைப் பார்த்துத்தான் கட்சிக்காரர் பெயரையே சொல்வார். வராந்தாவில் நின்றபடி நான்கு நிமிடப் பேச்சு, அதில் இரண்டு நிமிடம் என் மொழிபெயர்ப்புக்குப் போய்விடும். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. நான் பார்த்ததில் மிகத் திறமையான வக்கீல்கள் சிலர் அவர்கள்தான். ஆனால் ஆளுக்கு அத்தனை வழக்கு.

டாலஸிலிருந்து ஒருவர்: கோர்ட்டுக்கு எதிரே "பெயில் பாண்ட்ஸ்" என்று விளக்குப் பலகை வைத்த கடைகள் இருக்கின்றன. ஜாமீனுக்குக் கடையா?

ஆமாம், கடைதான். நம் ஊரில் சொத்து உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதி ஒரு தொகை சொல்வார். 10,000 டாலர் என்றால், முழுப் பணம் கட்டினால் வழக்கு முடிந்து திரும்பக் கிடைக்கும். இல்லாதவர் கடைக்காரரிடம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 டாலர் கொடுப்பார். அது வழக்கில் ஜெயித்தாலும் திரும்பாது. அந்த ஆயிரமும் இல்லாதவர் உள்ளேயே இருப்பார், குற்றம் நிரூபணமாகாமலே. கென்டக்கி இந்தக் கடைகளை 1976-ல் தடை செய்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே எடுத்துவிட்டது.

சென்னை மென்பொருள் ஊழியர் ஒருவர்: சினிமாவில் வருவது போல ஜூரி முன்னால் வாதம் நடப்பதை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்களா?

ஜூரி என்றால் தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பொதுமக்கள் குழு. பதினோரு வருடத்தில் நான் மொழிபெயர்த்த முழு விசாரணைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் பேரம். மத்திய அரசு வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதமும் மாநில வழக்குகளில் 94 சதவீதமும் தாங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியது.

அரசு வழக்கறிஞர் சொல்வார்: ஒப்புக்கொள், இரண்டு வருடத்தோடு விட்டுவிடுகிறேன். விசாரணைக்குப் போனால் பத்து வருடம் வரக்கூடிய பிரிவில் போடுவேன். கென்டக்கியில் பால் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்ட்டுக்குப் பொய்ச் செக் கொடுத்தார். ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொள், இல்லாவிட்டால் பழைய குற்றங்களைக் காட்டி "வழக்கமான குற்றவாளி" சட்டத்தில் போடுவேன் என்றார் வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார். சொன்னபடியே போட்டார்கள், ஜூரி தண்டித்தது, ஆயுள் தண்டனை விழுந்தது. 88 டாலருக்கு! வழக்கறிஞர் செய்தது தவறில்லை என்று 1978-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனவே அதிகாரம் யார் கையில் என்று கேட்டால், நீதிபதியைவிட, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் அந்த வழக்கறிஞர் கையில்தான் என்பேன். பெரும்பாலான மாநிலங்களில் அவர் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருபவர். சுவரொட்டி, பிரசாரம் எல்லாம் உண்டு. நியூ ஜெர்சி, கனெக்டிகட், அலாஸ்கா போலச் சில இடங்களில்தான் நியமனம்.

ஒப்புக்கொள்ளும் நாளில் நீதிபதி வரிசையாகக் கேட்பார். யாராவது மிரட்டினார்களா? இல்லை. இன்று மாத்திரை, மது ஏதாவது சாப்பிட்டீர்களா? இல்லை. விசாரணை கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று புரிகிறதா? புரிகிறது. உங்கள் சொந்த விருப்பத்தில்தான் செய்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு மட்டும் பலர் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

எச்1பி விசாவில் இருக்கும் ஒருவர்: சின்னக் குற்றம், அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறார் வக்கீல். ஒப்புக்கொள்ளலாமா?

உங்கள் வழக்கைப் பற்றி நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: கையெழுத்துப் போடுமுன் "இது என் விசாவை என்ன செய்யும்?" என்று கேளுங்கள், குடிவரவு வக்கீல் ஒருவரிடமும் கேளுங்கள். ஹோண்டுராஸில் பிறந்த ஹோசே பதீயா அமெரிக்காவில் நாற்பது வருடம் இருந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இத்தனை காலம் இருந்தவரை நாடு கடத்த மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் கஞ்சா வழக்கில் ஒப்புக்கொண்டார். நாடு கடத்தும் நடவடிக்கை வந்துவிட்டது. அவர் வழக்கில்தான் 2010-ல், இந்த விளைவைச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பானது. பின்னால் மாநிலக் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே எண்ணக்கூடும்.

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அம்மா: குடியுரிமை வாங்கினேன், உடனே ஜூரி கடிதம் வந்துவிட்டது. தப்பிக்க வழி உண்டா?

போய்வாருங்களேன் அக்கா! முக்கால்வாசிப் பேர் ஒரு நாள் முழுக்க ஹாலில் உட்கார்ந்து புத்தகம் படித்துவிட்டுத் திரும்புவார்கள். கூப்பிட்டால் வக்கீல்கள் கேள்வி கேட்பார்கள்: வீட்டில் போலீஸ் யாராவது உண்டா, திருட்டுக் கொடுத்த அனுபவம் உண்டா என்று. உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு பேர், ஃப்ளோரிடாவில் மரண தண்டனை இல்லாத பல வழக்குகளுக்கு ஆறு பேர். கடுமையான குற்றம் என்றால் எல்லோரும் ஒத்துப்போனால்தான் தண்டனை. லூசியானாவிலும் ஆரிகனிலும் மட்டும் பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துப்போனால் போதும் என்றிருந்தது, அதையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. உட்கார்ந்துவிட்டால் கூகுளில் வழக்கைத் தேடாதீர்கள். விசாரணையே பாழாகிவிடும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சில சமயம் இந்தக் கடிதம் வரும். அவர்கள் ஜூரியாக முடியாது. "குடிமகன் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், தவறிப்போய்க்கூட "குடிமகன்" என்று குறிக்கக் கூடாது.

கோவையிலிருந்து ஒரு தம்பி: ஜெயிலும் பிரிசனும் ஒன்றா? விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போகுமா?

ஒன்றில்லை. ஜெயில் பெரும்பாலும் கவுண்டியுடையது. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனைக்காரர்களும் அங்கே. ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை என்றால் பெரும்பாலும் பிரிசன், அது மாநிலத்துடையது அல்லது மத்திய அரசுடையது. ஜூரி விடுதலை செய்தால் அரசு அப்பீல் போக முடியாது, இது நம் நாட்டிலிருந்து பெரிய வித்தியாசம். ஆனால் பாதிக்கப்பட்டவர் குடும்பம் சிவில் வழக்குப் போடலாம். பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் 1995-ல் கொலை வழக்கில் விடுதலையானார். 1997-ல் சிவில் ஜூரி அவரையே பொறுப்பாக்கி 33.5 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம், தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும்.

மதுரை மாணவி மீண்டும்: மொழிபெயர்க்க மிகக் கஷ்டமான சொல் எது அக்கா?

"நாட் கில்டி". "நான் குற்றவாளி இல்லை" என்று சொன்னால் கேட்பவர் திகைப்பார், ஏனென்றால் செய்தது அவருக்குத் தெரியும், பொய் சொல்லச் சொல்கிறோமா என்று நினைப்பார். அந்தக் கட்டத்தில் அதன் அர்த்தம் "நீங்களே நிரூபியுங்கள்" என்பதுதான். ஆனால் விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வக்கீல் விளக்கினால் மொழிபெயர்ப்பேன். இல்லாவிட்டால் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, அவர் வாய் திறக்கக் காத்திருப்பேன்.