தலை நுழையாத சட்டை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைத் துணியைப் பற்றியே இருக்கின்றன. ஆடி முடிந்து தீபாவளி கண்ணில் தெரிய ஆரம்பித்ததும் எல்லா வீட்டிலும் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறார்கள் போல. சேலத்தில் குகைப் பகுதியில், ஆடிப் பண்டிகைக்கு அலங்கார வண்டிகள் வரிசையாக வருகிற வண்டி வேடிக்கை போகிற தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி, திண்ணையில் மிஷின் போட்டு 38 வருடமாகத் தைக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு செல்போனில் வீடியோ பார்த்து ஒரு ஃப்ராக் தைத்தேன். '1 வயது' என்று அதில் சொன்ன அளவைத்தான் வைத்தேன். மார்பு, நீளம் எல்லாம் சரி. ஆனால் தலை நுழையவில்லை. பிள்ளை கத்திய கத்தலில் கேக் வெட்டும் முன்பே வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, அம்மாப்பேட்டை

வருத்தப்படாதே கண்ணு. இந்தத் தப்பைச் செய்யாத தையல்காரி சேலத்திலேயே கிடையாது. என் மூத்தவளுக்கு ஒரு வயதில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு என்று சிவப்பு பாப்ளினில் கவுன் தைத்தேன். நெற்றியோடு மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வருகிறது. என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்திரியை எடுத்துவந்து முதுகுப் பக்கம் ஒரே வெட்டு. பிள்ளை வெளியே வந்தது. "முதல்ல தலையை அள, அப்புறம் கழுத்தை வெட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வெட்டில்தான் நான் தையல் கற்றுக்கொண்டேன்.

பிள்ளை உடம்பு, பெரியவர் உடம்பைச் சின்னதாக்கிய உடம்பு இல்லை. நமக்குத் தலை சின்னது, மார்பு பெரிது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் தலைச்சுற்றும் மார்புச்சுற்றும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் 18 அங்குலத்தை ஒட்டி வரும். கழுத்தோ விரலால் வளைத்துப் பிடிக்கிற அளவுதான். வீடியோவில் சொல்லியிருப்பார்கள்: கழுத்து அகலம் நாலரை, முன்பக்க ஆழம் இரண்டரை, பின்பக்கம் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த வட்டத்தை இஞ்ச் டேப்பால் சுற்றி அளந்து பார், 13 அங்குலம்தான் வரும். 18 அங்குலத் தலை அதில் எப்படி நுழையும்?

அதற்காகக் கழுத்தைப் பெரிதாக வெட்டிவிடாதே. பிள்ளைக்குத் தோள் குறுகல், சட்டை ஒரு பக்கம் சரிந்து தொங்கும். பின்கழுத்தின் நடுவில் நாலு அங்குலம் திறப்பு வை. நாலு அங்குலத் திறப்புக்கு இரண்டு ஓரம், ஆக வட்டத்தில் எட்டு அங்குலம் கூடுகிறது. 13-ம் 8-ம் 21. தலை தாராளமாகப் போகும்.

திறப்பைக் கத்திரியால் நறுக்கி ஓரம் மடிப்பதென்றால் முனையில் பிசிறு வந்து கிழிந்துகொண்டே போகும். இப்படிச் செய். இரண்டு அங்குல அகலம், ஐந்து அங்குல நீளத்தில் ஒரு பட்டி வெட்டிக்கொள். கழுத்து வெட்டிய பிறகு, முதுகு நடுவில், நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் ஒட்டுகிற மாதிரி வை. பென்சிலில் நாலு அங்குலக் கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளித் தையலை இறக்கு, அடிமுனைக்கு வரவர நெருக்கிக்கொண்டே வா. முனையில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்பி, ஒரே ஒரு தையல் குறுக்கே போட்டு, மறுபக்கம் மேலே ஏறு. அப்புறம்தான் கோட்டில் வெட்டு. முனையில் தையலைத் தொட இரண்டு இழை இருக்கும்வரை வெட்ட வேண்டும். பயந்து முன்னாலேயே நிறுத்தினால் திருப்பும்போது அந்த இடம் சுருங்கி மூக்கு மாதிரி நிற்கும். பட்டியை உள்ளே திருப்பி இஸ்திரி போட்டு ஓரத்தில் ஒரு தையல் ஓட்டு. மேலே ஒரு நூல் வளையம், ஒரு தட்டைப் பட்டன் போதும். பட்டனை நாலைந்து தடவை குத்தி, அடியில் நூல் சுற்றி, இழுத்துப் பார்த்துத் தை. பிய்ந்தால் அது போகிற இடம் பிள்ளையின் வாய்தான். இன்னும் மல்லாந்தே படுத்துக் கிடக்கிற கைக்குழந்தை என்றால் முதுகில் பட்டன் உறுத்தும். தோளில் திறந்துவிடு.

அந்த ஃப்ராக்கைத் தூக்கிப் போட்டுவிடாதே. இந்தத் திறப்பை அதிலேயே வைக்கலாம்.

*

இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொழுது போகவில்லை என்று வீட்டு மிஷினில் தலையணை உறை தைக்கக் கற்றுக்கொண்டேன். மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். பேரப்பிள்ளைக்கு நானே ஜப்லா தைக்க ஆசை. ஆனால், பிறக்கும் முன்னே துணி தைக்கக் கூடாது என்கிறாள் என் மனைவி. மல் துணியைத் தைத்துப் பார்த்தால் மிஷின் முழுங்குகிறது.
– வாசகர், கன்னங்குறிச்சி

வாங்க ஐயா. முதலில் வீட்டம்மா பேச்சு. அதை மீற வேண்டாம். நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுவது புதுத்துணி இல்லையே, பழைய வேட்டிதானே. உங்கள் வேட்டியிலேயே நாலு சட்டை தைத்துப் பழகுங்கள். யாராவது கேட்டால் தையல் பழகுகிறேன் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. நூறு தடவை துவைத்த வேட்டியைப் போல மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

மிஷின் முழுங்குவது உங்கள் குற்றம் இல்லை. தலையணை உறைக்குப் போட்ட ஊசியையே வைத்திருப்பீர்கள், அது 16-ம் நம்பராக இருக்கும். மல்லுக்கு 11 போதும், 9 கிடைத்தால் இன்னும் நல்லது. தையலை ஓரத்தில் தொடங்காமல் அரை அங்குலம் உள்ளே தொடங்குங்கள். அப்படியும் இழுத்தால் துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

அளவு: சுற்றளவு 20 அங்குலம், நீளம் 11. பிறந்த பிள்ளையின் மார்பு 13 அங்குலம்தான், இருந்தாலும் கையைக் காலை உதறுகிற பிள்ளைக்கு விசாலம் வேண்டும். தலைவழி மாட்டுகிற மாதிரி வேண்டாம். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விலாப்பக்கம் முடிச்சு போடுகிற மாதிரி வையுங்கள். நாடா ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் நீள வேண்டாம், கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது. இன்னொன்று, தையல் மடிப்பு வெளியே தெரிகிற மாதிரி தையுங்கள். பார்க்கிறவர்கள் திருப்பிப் போட்டதாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பிள்ளைத் தோலில் படுகிற பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும்.

36 அங்குல அகலமுள்ள மல்லில் ஒரு மீட்டருக்கு இரண்டு சட்டை தாராளமாக வரும், மீதியில் நாப்பி. வாங்கிவந்த துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் காய வைத்த பிறகே கத்திரி வையுங்கள். சுருங்குகிற துணி வெட்டும் முன்னே சுருங்கிவிடட்டும்.

*

கடைவீதியில் 150 ரூபாய்க்கு நல்ல சட்டையே கிடைக்கிறது. ஏன் இந்தப் பாடு?
– வாசகர், சூரமங்கலம்

கிடைக்கிறதென்றால் வாங்குங்கள். துணி, நூல், எலாஸ்டிக், கரண்டு எல்லாம் கணக்குப் போட்டால் வீட்டில் தைப்பது அப்படியொன்றும் மலிவில்லை. கிலோக்கணக்கில் பிட் துணி வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் லாபம். உங்கள் பிள்ளைக்குத் தொப்பை கொஞ்சம் பெரிதாக இருந்து, கடைச்சட்டை முன்னால் மேலே ஏறி நிற்கிற அன்றைக்கு எழுதுங்கள்.

*

இரண்டு வயதுப் பையனுக்கு வீட்டில் தைத்த ஜட்டி, இடுப்பில் சிவப்பாகத் தடம் போடுகிறது.
– வாசகி, கொண்டலாம்பட்டி

எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து அளந்திருப்பீர்கள். தொப்புளுக்குக் கீழே சுற்றி அளந்து, அதில் ஒன்றரை அங்குலம் மட்டும் குறைத்து வெட்டுங்கள். 20 என்றால் பதினெட்டரை. பிள்ளை நிற்கும்போது அளக்காதீர்கள், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது அளங்கள், வயிறு அப்போதுதான் உண்மையைச் சொல்லும். கால் இஞ்ச் எலாஸ்டிக் அறுக்கும், அரை இஞ்ச் போடுங்கள். நேராகத் துணிமேல் வைத்துத் தைக்காமல் மடிப்புக்குள் ஊக்கால் கோத்துவிட்டால் பின்னால் தளர்த்திக்கொள்ளலாம். கோத்து முடித்ததும் ஊக்கை எடுத்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒரு தடவை உள்ளேயே விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

*

என் அம்மாவின் பழைய பட்டுச்சேலை பெட்டியிலேயே கிடக்கிறது. மூன்று வயது மகளுக்குத் தீபாவளிக்குப் பாவாடை சட்டை தைக்கலாமா? வெட்ட மனசும் வரவில்லை.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

மனசு வராதது நல்லதுதான், கத்திரி வைக்கும் முன் நிதானம் வரும். சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் முழுசாக விரித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக விலக்குங்கள். இழை சரசரவென்று பிரிந்தால் அந்தக் கோட்டைத் தள்ளிவைத்து வெட்ட வேண்டும். எல்லா மடிப்பும் அப்படித்தான் என்றால் பாவாடை எண்ணத்தை விட்டுவிடுங்கள், பிள்ளை ஒரு தடவை சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முடிந்தது.

துணி நல்லதாக இருந்தால், சேலையின் அகலம்தான் பாவாடையின் உயரம், பார்டர் கீழே வரும்படி. உங்கள் மகளுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் 21 அங்குலம் என்று வையுங்கள். அளந்துகொள்ளுங்கள், நான் கண்ணால் பார்க்கவில்லை. அதோடு டக் பிடிக்க (பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிடுகிற மடிப்புத் தையல்) மூன்று, மேலே தைக்க ஒன்று, ஆக 25. சேலை அகலம் 45-க்குக் குறையாது. மேலே மிஞ்சுகிற 20 அங்குலத்தில் இன்னொரு பக்கத்துப் பார்டரும் சேர்ந்து வருகிறது பாருங்கள், அது சட்டையின் கைக்கு. சுற்று இரண்டு மீட்டர் போதும். முந்தானையைத் தொடாதீர்கள். அம்மா ஞாபகத்துக்கு அது பெட்டியில் இருக்கட்டும்.

அரை அங்குல டக் ஒன்றுக்கு ஒரு அங்குலத் துணி போகும். மூன்று டக் என்றால் மூன்று அங்குலம், இந்த வயதில் ஒரு வருட வளர்த்திக்குக் குறையாமல் வரும். பருத்தியில் மிஷினிலேயே டக் போடலாம், பிரித்துத் துவைத்தால் தடம் போய்விடும். பட்டில் ஊசி குத்திய ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். மெல்லிய ஊசியில் பட்டு நூல் கோத்து, கையால் நீளமாக ஓட்டுத் தையல் போடுங்கள்.

பாவாடையை நாடா போட்டு இடுப்பில் கட்டாதீர்கள். மூன்று வயதில் இடுப்பு ஏது? மார்பிலிருந்து தொப்பைவரை ஒரே உருளை. இறுக்கிக் கட்டினால் அறுக்கும், தளர்த்தினால் கூடத்தின் நடுவில் நழுவி விழும். வெள்ளை மல்லில் கை இல்லாத பாடி தைத்து அதில் பாவாடையைக் கொசுவி இணையுங்கள். பளு முழுக்கத் தோள் தாங்கிக்கொள்ளும். உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம், ஜரிகையின் பின்பக்கம் முள் மாதிரி சுரண்டும். சட்டைக் கையில் ஜரிகை வந்தால் அக்குளுக்கு அடியில் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். பட்டாசு வெடிக்கும்போது பாவாடையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பருத்திச் சட்டை போடுங்கள். இப்போது எல்லா ஃப்ராக்கிலும் வைக்கிற நைலான் வலை வேண்டவே வேண்டாம். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

*

மார்கழிக் குளிருக்கு ஒன்றரை வயதுப் பையனுக்கு ஃபிளானலில் தடியாக ஒரு சட்டை தைக்க எண்ணம். எங்கள் ஊர் மூட்டத்தில் மிதி மிஷினின் பெல்ட்டும் தளர்ந்து வழுக்குகிறது.
– வாசகி, நாகலூர், ஏற்காடு

தடியாக ஒன்று வேண்டாம், மெல்லிதாக இரண்டு தையுங்கள். உள்ளே முழுக்கை மல் சட்டை, மேலே முன்பக்கம் திறக்கிற ஃபிளானல். காரணம் உங்களுக்கே தெரியும். ஊசி போடவோ உறவு பார்க்கவோ பஸ்ஸில் கீழே இறங்குவீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி அடிவாரம் வருவதற்குள் பிள்ளைக்கு முதுகு நனைந்துவிடும். மேல்சட்டையை மட்டும் கழற்றினால் முடிந்தது.

ஃபிளானல் பருத்தி, நன்றாகவே சுருங்கும். வெந்நீரில் போட்டு எடுத்துவிட்டு வெட்டுங்கள். கையால் தடவினால் ரோமம் ஒரு பக்கம் படியும், மறுபக்கம் நிமிரும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் ஒரு கை வேறு நிறம் மாதிரி தெரியும். அந்த ரோமத்தில் தீ சட்டென்று ஓடும். விறகடுப்பும் குமுட்டியும் எரிகிற வீடென்றால் அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள், கையைத் தொளதொளவென்று வைக்காமல் மணிக்கட்டில் பட்டி போட்டு முடியுங்கள். நீளம் முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும்.

பெல்ட் தோல்தானே, ஈரத்தில் இளகும். இணைப்புக் கம்பியைப் பிரித்து, கால் அங்குலம் வெட்டி, புதிதாக ஓட்டை போட்டுத் திரும்ப மாட்டுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். நான் ஒரு மழைக்காலத்தில் அவசரப்பட்டு ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, வெயில் வந்ததும் மிதிக்கவே முடியாமல் புது பெல்ட் வாங்கினேன்.