அக்காவுக்கு மதுரையில் கீமோ, தம்பி சிங்கப்பூரில்: என்ன செய்யலாம்?

தம்பி, சிங்கப்பூருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடியில் அக்காவுக்கு 31 வயதில் மார்பகப் புற்றுநோய், மதுரையில் முதல் கீமோ முடிந்துவிட்டது, ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள், அத்தானால் கடையை விட்டு நகர முடியாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா, இல்லை இங்கே பணம் திரட்டி அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி.

வேலையை விடாதீர்கள். கீமோ, அறுவை, தேவைப்பட்டால் கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) என்று இது பல மாதம் ஓடும். ஊரில் உதவ ஆள் இல்லாமல் இல்லை. பங்காளி வீடுகள், தெருக்காரர்கள், பள்ளித் தோழிகள் எல்லோரும் வருவார்கள். முதல் இரண்டு வாரம் மொத்தமாக வந்து குவிவார்கள், நான்காவது கீமோவுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். யார், எந்த நாள், என்ன வேலை என்று பிரித்து வைக்கிற கணக்குப்பிள்ளைதான் அந்த வீட்டில் இல்லை. அந்த வேலையை நீங்கள் அங்கிருந்தே செய்யலாம்.

அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றால், மருந்து ஏற்றும் நாளை 1 என்று வைத்து 21 வரை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும் இருக்கும், எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாகத் தெரியும். ஏறத்தாழ 7 முதல் 14 வரை ஆள் பார்க்கத் தெளிவாக இருப்பார், ஆனால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவது அந்த நாட்களில்தான். 15க்கு மேல் உண்மையாகவே தெம்பு வரும். ஊரில் இது தலைகீழாக நடக்கும். படுத்திருக்கும்போது “தொந்தரவு பண்ண வேண்டாம்” என்று ஒதுங்கியிருந்துவிட்டு, எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகக் கூட்டமாய் விசாரிக்க வருவார்கள். கைவேலைக்கு ஆள் வேண்டியது முதல் ஐந்து நாள். விசாரிக்க வருகிறவர்களுக்கு 16க்கு மேல் நாள் கொடுங்கள். அதற்கு முன் வந்துவிட்டால் முகப்பிலேயே உட்காரவைத்து அனுப்ப, முகம் கோணாமல் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது ஒரு அயித்தையாகத்தான் இருக்கும். “இன்னாருக்கும் இதே நோய்தான், பாவம் போயிட்டா” என்று ஆரம்பிக்கிறவர்களை உள்ளே விடாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு.

கணக்கில் எந்த நாளானாலும் மாறாத விதி காய்ச்சல். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்கு அழைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். “பாராசிட்டமால் போட்டு விடியட்டும்” என்று காத்திருப்பதுதான் உயிரைக் கொண்டுபோகும் தவறு. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமி உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். மதுரை 90 கிலோமீட்டர், போக இரண்டு மணி நேரம். அதனால் என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏற்றினார்கள், காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்க வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். காரைக்குடியிலேயே முதல் டோஸ் போட்டுவிட்டுப் போக முடியுமா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள். கூப்பிட்டால் இரவில் எடுக்கிற இரண்டு கார் டிரைவர்களின் எண் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கட்டும்.

அம்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி வெயிலில் தெருவில் யாருக்காவது சின்னம்மை போட்டால் நம் பக்கம் வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும் வரை மருத்துவரிடம் போகாமல் இருப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. அம்மை கண்ட பிள்ளையோடு பழகிவிட்டார் என்று தெரிந்த அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுப்பு மருந்தை உடனே கொடுத்தால்தான் பயன். பெரியவனின் டீச்சரிடம் வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் தகவல் சொல்லச் சொல்லுங்கள். சின்னவளுக்குப் போலியோ சொட்டு மருந்து போடும் முறை வந்தால், வீட்டில் கீமோ நடக்கிறது என்று முன்கூட்டியே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடவும். சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள கிருமி சில வாரம் மலத்தில் வரும். ஊசி வடிவப் போலியோ மருந்தில் அந்தச் சிக்கல் இல்லை.

வீண் பயணத்தைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. கீமோவுக்கு முந்தின நாள் காரைக்குடி லேபிலேயே ரத்தப் பரிசோதனை எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அணுக்களின் கவுண்ட் குறைவாக இருந்தால் கீமோவைத் தள்ளிப்போடுவார்கள், போய்த் திரும்பும் நான்கு மணி நேரம் மிச்சம். வெள்ளை அணு ஏற்றும் ஊசி எழுதினால் அதைப் பெரும்பாலும் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போடுவார்கள். அதற்காக மதுரையில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதில்லை. மருத்துவர் சரி என்றால் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைத்து, பக்கத்து நர்ஸம்மாவைப் போடச் சொல்லலாம். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

சாப்பாட்டில்தான் நம் ஊர் அன்பு கரைபுரளும், அதுதான் சிக்கலும். ஒரே நாளில் நான்கு வீட்டுத் தூக்குச்சட்டி வந்து நிற்கும், அடுத்த நாள் ஒன்றும் வராது. பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தாலும் எது யாருடையது என்று அக்காதான் கழுவிப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். பாத்திரத்தை மறுநாள் சமைக்கிறவரே எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கட்டும். முதல் ஐந்து நாள் மிளகாய் வறுக்கும் நெடி, தாளிப்பு வாசம் பட்டாலே வாந்தி வரும், அதனால் சமையல் வேறு வீட்டில் நடப்பதே நல்லது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ரசம் இல்லாத குழைந்த பருப்புச் சாதம், ஆறின இட்லி இறங்கும். வாய்ப்புண் வந்தால் கும்மாயம் கைகொடுக்கும். உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்திருப்பதால் புரதம் உண்டு, மென்று தின்ன வேண்டாம். நெய்யைக் கொஞ்சம் குறைத்துக் கிண்டச் சொல்லுங்கள். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரைக்கால் டீஸ்பூன் உப்பும் கலந்து நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். கடையில் நறுக்கி வைத்த பழம், வெளிச் சட்னி, மிஞ்சிய சாதம் வேண்டாம். கஷாயம், லேகியம் எது வந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, கீமோ மருந்தோடு சண்டை போடுகிற மூலிகைகள் உண்டு. பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு வேண்டும். இதை எல்லோரும் மறப்பார்கள், ஆறு வயதுப் பையன் குழைந்த சாதமே தின்றுகொண்டிருப்பான்.

பிள்ளைகள் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. மருந்து ஏற்றிய 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும், அதில்தான் கவனம். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும், துணியைக் கையுறை போட்டுத் தனியாக அலச வேண்டும். உதவிக்கு வருகிறவர் கர்ப்பிணி என்றால் இந்த வேலை அவருக்கு வேண்டாம். பெரியவனின் வீட்டுப்பாடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இரவு ஏழு மணி, உங்களுக்கு ஒன்பதரை. தினம் அரை மணி நேரம், வீடியோவில், அதே நேரத்தில். அப்படியே அக்காவின் காய்ச்சல் அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

பணம். முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டமில்லை, மருத்துவமனை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் திட்டம். அதனால் அடுத்த கீமோவுக்கு முன் காப்பீட்டு மேசையில் கேட்டாக வேண்டும். நீங்கள் உடன்பிறந்தவர், எவ்வளவு அனுப்பினாலும் அக்காவுக்கு வரி வராது. நண்பர்கள் அனுப்பும் தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டினால் அது அக்காவின் வருமானக் கணக்கில் சேர்க்கப்படும், ஆகவே மருத்துவமனைப் பில்லை அவர்களே நேராகக் கட்டுவது நல்லது. சிங்கப்பூரில் அக்காவின் படத்தைப் போட்டுப் பொது வசூலில் இறங்காதீர்கள். வெளிநாட்டு அறக் காரியத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அங்கே அனுமதி வாங்க வேண்டும், வேலை அனுமதிச் சீட்டில் போன புது ஆள் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினால் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பல்லவன் எக்ஸ்பிரஸில் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணத்தில் 75 விழுக்காடு கழிவு உண்டு.

விடுப்பு விஷயம். சிங்கப்பூர்ச் சட்டப்படி மூன்று மாதம் முடிந்தால்தான் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு, முதல் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள், அதுவும் வேலை பார்த்த மாதக் கணக்குப்படி. இப்போது பதறி ஓடிவந்து அதைச் செலவழிக்காதீர்கள். கீமோவுக்குப் பிறகுதான் அறுவை என்றால் அந்த வாரத்துக்கு வையுங்கள். அறுவைக்குப் பின் நீர் வடியும் குழாய் தொங்கும், சில வாரம் இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்க முடியாது. வீட்டில் ஆண் துணை தேவைப்படும் நேரம் அது. திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. சளி, தொண்டைக் கரகரப்பு எதுவாவது இருந்தால் அக்கா பக்கம் போகாமல் நன்றாகக் குணமாகும் வரை வேறு வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

இன்று உதவுகிறேன் என்று சொல்லும் எல்லோர் பெயரையும் எழுதி, பாதிப் பேரை இப்போதே மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி ஒதுக்கி வையுங்கள். அசதி ஒவ்வொரு கீமோவுக்கும் ஏறிக்கொண்டே போகும், நாலாவது ஐந்தாவதில்தான் ஆள் ஓய்ந்து போவார். “அயித்தை, உங்களை ஐப்பசிக்குத்தான் வைத்திருக்கிறேன்” என்று தேதியோடு சொன்னால் யாரும் வருத்தப்படமாட்டார்கள், வந்தும் நிற்பார்கள். அடுத்த கீமோ என்றைக்கு என்று இன்று இரவே அத்தானிடம் கேட்டு, அந்தத் தேதிக்கு நேரே 1 என்று எழுதுங்கள்.