வாசகர் கேள்வி – பதில்: பிரிந்துபோக நினைக்கும் தீவு

கேள்வி: கற்பனையான ஒரு நாட்டையும், அதிலிருந்து பிரிந்துபோக ஆயுதம் ஏந்தும் ஒரு தீவையும் வைத்து நாவல் எழுதிவருகிறேன். கொடி, நாட்டுப்பண், தலைவரின் முழக்கம் எல்லாம் தயார். படித்துப் பார்த்த நண்பர், “ஊர்ப்பெயரை மாற்றிய ஈழக் கதை” என்கிறார். எங்கே பிழை?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தீவு, பிரிவினை, துப்பாக்கி ஆகிய மூன்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதினால் வாசகரின் மனம் இலங்கைக்குத்தான் போகும். அதை யாராலும் தடுக்க முடியாது. உங்கள் தீவுக்கென்று சொந்தமாக ஒரு குறை, சண்டைக்கான காரணம் இருந்தால் மட்டுமே அவர் திரும்பி வருவார். கொடியிலிருந்து தொடங்கியதுதான் பிழை என்று நினைக்கிறேன். அந்த மண்ணிலிருந்து எதை எடுக்கிறார்கள், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, கழிவு யாருடைய ஆற்றில் விழுகிறது என்ற கணக்கை முதலில் எழுதுங்கள்.

பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில், பங்குனா என்ற இடத்தில் 1972இல் ஒரு பெரிய செம்புச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. 1975இல் சுதந்திரம் பெற்ற புதிய நாட்டின் கருவூலத்தைத் தாங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நிலத்துக்குரியவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம், கழிவு மட்டும் அவர்களுடைய ஜாபா ஆற்றில் இறங்கியது. தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியாகவே கைமாறுகிறது. மருமக்கள்வழியைப் பார்த்த நம் மாவட்டத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஆண்களை மட்டும் உட்காரவைத்துப் பேசி நிலத்துக்குக் கையெழுத்து வாங்கினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதே உங்களுக்கு ஓர் அத்தியாயம். 1988இன் இறுதியில் சுரங்கத்திலிருந்து களவுபோன வெடிமருந்தைக் கொண்டே அதன் மின்கோபுரங்களைத் தகர்த்தார்கள். 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் ஓனா, அதே சுரங்கத்தில் சர்வேயராக வேலை பார்த்தவர். இதைவிட நெருக்கமான எதிரி உங்கள் நாவலில் இருக்கிறாரா?

கேள்வி: போரின்போது தீவு மக்களின் அன்றாட வாழ்க்கையை எப்படிக் காட்டுவது? (அதே வாசகர்)

பதில்: புயல் எச்சரிக்கையால் ஒரு வாரம் கடலுக்குப் போக முடியாவிட்டால் உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் உலை தாமதமாகிறது என்று பாருங்கள், அதை ஆண்டுக்கணக்காக நீட்டுங்கள். 1990இல் அரசுப் படை விலகியபின் பூகன்வில் முற்றுகையிடப்பட்டது. மருந்தும் எரிபொருளும் நின்றுபோயின. அங்குள்ளவர்கள் தேங்காய் எண்ணெயை ஊற்றி டீசல் வண்டிகளை ஓட்டினார்கள். உருக்கெண்ணெய் காய்ச்சும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அந்த வாசனை தெரியும். அது வண்டியின் புகைக்குழாயிலிருந்து வருவதாக எழுதிப் பாருங்கள். மார்கழிக் காலையில் நம் வீட்டுக் குப்பியில் உறைந்துபோகும் எண்ணெய், குளிர்ந்த மலைப்பாதையில் இன்ஜின் குழாய்க்குள் என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். இரண்டாம் உலகப் போரில் விட்டுச்சென்ற ஆயுதங்களைத் தோண்டியெடுத்து, பழுதுபார்த்துப் பயன்படுத்தினார்கள்.

இந்தச் சாமர்த்தியத்திலேயே நாவலாசிரியர் மயங்கிவிடக் கூடாது. மருந்தில்லாமல் இறந்தவர்கள் ஏராளம். தீவினர் எல்லாரும் ஒரே அணியிலும் இல்லை. அரசின் பக்கம் நின்று கிளர்ச்சியாளர்களை எதிர்த்துப் போரிட்ட உள்ளூர்ப் படைகளும் இருந்தன. அண்டை ஊர்க்காரனின் துப்பாக்கிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடும் ஒரு குடும்பமாவது உங்கள் கதையில் வர வேண்டும்.

கேள்வி: சுனாமி வந்து போரை முடித்துவைப்பதாக எழுதலாமா? (அதே வாசகர்)

பதில்: 2004 டிசம்பர் 26ஐ நேரில் கண்ட ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்பே. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 1976இல் தொடங்கிய கிளர்ச்சி, சுனாமிக்குப் பின் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாட்டில் முடிந்தது உண்மைதான். ஆனால் அலை இலங்கையையும் அடித்தது. அங்கே நிவாரணத்தைப் பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடே நீதிமன்றத்தில் முடங்கியது, போர் 2009 வரை நீண்டது. ஆகவே அலையை மட்டும் காரணமாக்காதீர்கள். ஆச்சேயில் கிளர்ச்சி இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. பதிலுக்குத் தன்னாட்சியும், உள்ளூர்க் கட்சிகள் தொடங்கும் உரிமையும், எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 விழுக்காடும் மாகாணத்துக்கு உறுதியாயின. இங்கும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபின்தான் துப்பாக்கி கீழே இறங்கியது. ஒப்படைக்கப்பட்ட 840 ஆயுதங்கள் வெட்டி அழிக்கப்பட்டன.

பூகன்வில்லில் கதை இன்னும் இழுக்கிறது. 2019 வாக்கெடுப்பில் 1,76,928 பேர் தனிநாட்டுக்கும், 3,043 பேர் கூடுதல் தன்னாட்சிக்கும் வாக்களித்தார்கள். ஆயினும் அந்த முடிவு பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

உங்களுக்குத் தனிமனிதர் ஒருவர் வேண்டுமென்றால் ஆச்சேயின் இர்வந்தி யூசுப்பைப் பாருங்கள். இயக்கத்தவரான அவர் அலை வந்தபோது சிறையில் இருந்தார், தப்பிப் பிழைத்தார், 2006 டிசம்பரில் நடந்த தேர்தலில் அதே மாகாணத்தின் ஆளுநரானார், இரண்டாவது முறை ஆளுநராக இருந்தபோது 2018இல் ஊழல் வழக்கில் கைதானார். இதை நீங்கள் கற்பனையாக எழுதி அனுப்பியிருந்தால், மிகை என்று நானே அடித்திருப்பேன்.